பக்கவிளைவை மருந்தாக்கலாமா? இதய அறுவையில் தசைத் தளர்த்திகளும் இரத்த ஓட்டமும்

இதய அறுவைச் சிகிச்சைக்கு நோயாளியை மயக்கும்போது அடுத்தடுத்துச் செலுத்தப்படும் மருந்துகளில் தசைத் தளர்த்திக்கு ஒதுக்கப்பட்ட வேலை மிகச் சிறியது. எலும்போடு ஒட்டிய தசைகளை அது அசையாமல் நிறுத்த வேண்டும். தூக்கம் தருவதும் வலியைப் போக்குவதும் அதன் வேலை அல்ல. இதயத்தின் பக்கம் அது போகவே கூடாது. ஆனால் மருந்து சிரைக்குள் சென்ற சில நிமிடங்களில் மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறக்கூடும். வேறொரு தளர்த்தியைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் சரியக்கூடும். மூன்றாவது ஒன்று இரண்டையும் தொடாமல் விடக்கூடும். இந்த வேறுபாட்டை மயக்க மருத்துவர்கள் தொல்லையாக மட்டும் பார்க்கவில்லை, கருவியாகவும் பயன்படுத்தினார்கள். பான்குரோனியம் என்ற தளர்த்தி துடிப்பைக் கூட்டும். மிகுந்த அளவில் கொடுக்கப்பட்ட ஃபென்டனில் என்ற வலிநீக்கி துடிப்பைக் குறைக்கும். ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும் என்ற கணக்கில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது 1970-களின் இறுதியிலிருந்து நெடுங்காலம் இதய மயக்கவியலின் பொது வழக்கமாக இருந்தது. அந்தக் கணக்கு அதன் காலத்தில் அறிவுக்குப் பொருந்தியதுதான். ஆனால் ஒரு மருந்தின் பக்கவிளைவை இன்னொரு கோளாறுக்கு மருந்தாக்கும் முறை, இதய நோயாளியைப் பொறுத்தவரை, அடிப்படையிலேயே பலவீனமானது. இக்கட்டுரையின் வாதம் அதுதான்.

இதய நோயாளிக்கு இரத்த ஓட்டம் நிலையாக இருக்க வேண்டும் என்பதன் பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அழுத்த எண் அழகாக இருந்தால் போதாது. உடலின் மற்ற உறுப்புகள் தம்மிடம் வரும் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. இதயத் தசையோ ஓய்விலேயே ஏறத்தாழ 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. தேவை கூடினால் இன்னும் எடுப்பதற்கு மிச்சம் அதிகமில்லை. கூடுதல் இரத்தம் வந்தாக வேண்டும். இடது கீழறையின் தசைக்கு இரத்தம் பாய்வது பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில்தான், ஏனென்றால் சுருங்கும்போது தசையே தன் குழாய்களை நெரித்துவிடுகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடி கிடைக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்குவதற்கும் மீதி விரிவதற்கும் போகிறது. துடிப்பு 120 ஆனால் ஒரு துடிப்புக்கு அரை நொடிதான். சுருங்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையாது என்பதால் வெட்டின் பெரும்பங்கு விரியும் நேரத்தின் மேல் விழுகிறது. வேகம் கூடும்போது தேவை ஏறுகிறது, அதே நொடியில் வரத்துக்கான நேரம் சுருங்குகிறது. கரோனரித் தமனி அடைபட்டவருக்கு அழுத்தம் சற்று ஏறி இறங்குவதைவிடத் துடிப்பு விரைவது ஆபத்தானது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இவ்வளவு சிக்கல் இருந்தால் தளர்த்தியே இல்லாமல் அறுவை செய்ய முடியாதா என்று கேட்கலாம். மூச்சுக்குழலில் குழாய் பொருத்துவதற்கு அது உதவுகிறது. நெஞ்செலும்பைப் பிளக்கும்போதும் நுண்ணிய தையல் போடும்போதும் உதரவிதானம் அசையக் கூடாது. இதய-நுரையீரல் பொறியின் துணையோடு நடக்கும் பைபாஸில் உடலைக் குளிர்விக்கும்போதும் மீண்டும் சூடேற்றும்போதும் நடுக்கம் வந்தால் ஆக்சிஜன் செலவு எகிறும். இவற்றோடு இதய மயக்கத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளைப் பெரிய அளவில் வேகமாகச் செலுத்தினால் நெஞ்சுக்கூட்டுத் தசைகள் விறைத்துக்கொள்ளும். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்துவதே கடினமாகும். அதைத் தடுக்கத் தளர்த்தியை உடனடியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் கொடுத்த ஒரு வேளைக்குப் பிறகு மேலும் மேலும் கொடுத்தே ஆக வேண்டுமா என்பது விவாதத்துக்குரியது. தொடக்க வேளையின் தேவை பொதுவாக ஏற்கப்பட்டது. ஆகவே எந்தத் தளர்த்தி, எந்த அளவில், எவ்வளவு வேகத்தில் என்பவையே நம்முன் உள்ள கேள்விகள்.

தளர்த்திகளின் வரலாறு இரத்த ஓட்டச் சிக்கலோடுதான் தொடங்குகிறது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய குராரேவிலிருந்து எடுத்த மருந்தை, 1942 ஜனவரி 23 அன்று, மாண்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குடல்வால் அறுவை ஒன்றில் பயன்படுத்தினார்கள். அதன் செயற்கூறான டியூபோகுராரின் தசையைத் தளர்த்தும் அளவிலேயே ஹிஸ்டமினை வெளிவிட்டது. தன்னியக்க நரம்பு முடிச்சுகளையும் தடுத்தது. விளைவாக இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் சரிந்தது. பின்னர் வந்த கேலமைன் அழுத்தத்தைக் குறைக்கவில்லை, துடிப்பை வேகமாக்கியது. 1954-ல் பீச்சரும் டாடும் அமெரிக்காவின் 10 மருத்துவமனைகளில் நடந்த ஏறத்தாழ 6 லட்சம் மயக்கங்களை ஆராய்ந்து, தளர்த்தி பெற்றவர்களிடையே மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு 370-க்கு ஒன்று என்றும், பெறாதவர்களிடையே 2,100-க்கு ஒன்று என்றும் எழுதினார்கள். மருந்துக்குள்ளேயே நச்சுத்தன்மை இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. பின்வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. அக்காலத்தில் தளர்ந்த நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம் போதிய அளவு தரப்படவில்லை, தளர்ச்சி முழுதாகத் தெளிந்ததா என்று பார்க்கும் வழக்கமும் இல்லை என்பதைச் சுட்டினார்கள். இந்த எச்சரிக்கை நம் வாதத்துக்கும் பொருந்தும்: பழியை மருந்தின் மேல் போடுமுன் அது கையாளப்பட்ட விதத்தைப் பார்க்க வேண்டும்.

தசைக்கென்று செய்த மருந்து ஏன் இதயத்தைத் தொடுகிறது? நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலைன்தான் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கப் பயன்படுத்தும் பொருளும். இரண்டு இடங்களிலும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் வகை வேறு, ஆனாலும் உறவு நெருக்கமானது. 1964-ல் ஆர்கனான் நிறுவனத்தின் ஹெவிட்டும் சாவேஜும் உருவாக்கிய பான்குரோனியம், ஸ்டீராய்டு சட்டகத்தின் இரு முனைகளிலும் அசிட்டைல்கோலைனைப் போன்ற துண்டுகளைப் பொருத்திய மூலக்கூறு. ஒரு முனை தசை ஏற்பியில் நன்றாகப் பொருந்துகிறது. மறு முனை இதயத்திலுள்ள வேகஸ் ஏற்பியிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. அதோடு பரிவு நரம்பு முனைகளில் நாரட்ரினலின் திரும்ப உறிஞ்சப்படுவதையும் இம்மருந்து ஓரளவு தடுக்கிறது. விளைவாகத் துடிப்பு வழக்கமாக 10 முதல் 15 சதவீதம் ஏறுகிறது, அழுத்தமும் சற்றே கூடுகிறது. பின்னாளில் அந்த மறு முனையின் நைட்ரஜனிலிருந்து ஒரே ஒரு மெத்தில் தொகுதியை நீக்கியபோது வெக்குரோனியம் கிடைத்தது. வேகஸைத் தடுக்கும் குணம் ஏறத்தாழ மறைந்தது. தசையைத் தளர்த்தத் தேவையான அளவின் எத்தனை மடங்கில் வேகஸ் தடைபடும் என்பதற்கு மயக்கவியல் பாடநூல்கள் தரும் கணக்கில் பான்குரோனியத்துக்கு ஏறத்தாழ 3, வெக்குரோனியத்துக்கு 20, மற்றொரு தளர்த்தியான சிஸ்அட்ராகூரியத்துக்கு 50-க்கும் மேல். குழாய் பொருத்துவதற்குத் தளர்த்தும் அளவைவிடக் கூடுதலாகவே கொடுப்பது வழக்கம் என்பதால், 3 என்ற இடைவெளி நடைமுறையில் இன்னும் குறுகிவிடுகிறது.

இந்தக் குணம் வரமாகத் தோன்றிய சூழல் 1969-ல் உருவானது. பாஸ்டனில் லோவன்ஸ்டைனும் சக மருத்துவர்களும், பெருந்தமனி வால்வு நோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் மார்ஃபின் கொடுத்தாலும் இதயத்தின் சுருங்கு திறன் தளரவில்லை என்று காட்டினார்கள். ஹாலோதேன் போன்ற ஆவி மருந்துகள் இதயத்தைத் தளரவைத்த காலத்தில் இது பெரிய விடுதலை. ஆனால் மார்ஃபின் ஹிஸ்டமினை வெளிவிட்டது. 1978-ல் ஸ்டான்லியும் வெப்ஸ்டரும் ஃபென்டனிலை அந்த இடத்தில் வைத்தார்கள். கிலோவுக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை கொடுப்பது அதன்பின் வழக்கமானது; சாதாரண வலி நீக்கத்துக்குக் கிலோவுக்கு 1 அல்லது 2 மைக்ரோகிராமே போதும். அவ்வளவு ஃபென்டனில் மூளைத்தண்டின் வேகஸ் மையத்தைத் தூண்டித் துடிப்பை 50-க்கும் 40-க்கும் இறக்கக்கூடியது. அதே வேளையில் நெஞ்சையும் விறைக்கச் செய்யும். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் பான்குரோனியம் இரண்டையும் ஒரே ஊசியில் தீர்த்தது: விறைப்பு நீங்கியது, துடிப்பு மீண்டது. 1980-களில் வெக்குரோனியத்தை அதே ஓபியாய்டு அளவுகளோடு சேர்த்துக் கொடுத்தபோது கடுமையான துடிப்புக் குறைவும், அரிதாக இதயம் நின்றுபோவதும் பதிவாயின. பழைய கூட்டணியின் ஆதரவாளர்களுக்கு அது வலுவான சான்று. இதயத்தைத் தொடாத தூய்மையான மருந்துதான் ஆபத்தானது என்று சொல்லும் அளவுக்கு அவர்கள் வாதம் சென்றது.

அந்தச் சான்றை எப்படி வாசிப்பது என்பதில்தான் வாதமே இருக்கிறது. வெக்குரோனியம் துடிப்பைக் குறைக்கவில்லை. குறைத்தது ஃபென்டனில். வெக்குரோனியம் அதை மறைக்காமல் விட்டது, அவ்வளவே. மறைப்பது நல்லது என்றால், எவ்வளவு மறைக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்க வேண்டும். பான்குரோனியத்தில் அது இல்லை. தசைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வைத்து அளவு முடிவாகிறது. இதயத்துக்குக் கிடைப்பது அதன் கூடவே வரும் பங்கு. விசிறிக்கும் விளக்குக்கும் ஒரே சுவிட்ச் வைத்த வீட்டைப் போன்ற நிலை இது. துடிப்பு 45-ல் இருப்பவருக்கும் 85-ல் இருப்பவருக்கும் குழாய் பொருத்த வேண்டிய தேவை ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்கு வேண்டிய வேகம் இரண்டாமவருக்கு வேண்டாத வேகம். மேலும், ஏறிய துடிப்பு மருந்தால் ஏறியதா, மயக்கம் ஆழமாக இல்லாமல் நோயாளி உள்ளுக்குள் விழித்திருப்பதால் ஏறியதா என்று பிரித்தறிவது கடினமாகிறது. உடல் அசையாத நோயாளியிடம் மயக்கத்தின் ஆழத்தைச் சொல்லும் அடையாளங்கள் ஏற்கெனவே குறைவு. அறுவையின் நடுவே நினைவு திரும்பும் ஆபத்து அதிகமுள்ள பிரிவுகளில் இதய அறுவையும் ஒன்று. அங்கே இருக்கும் ஓர் அடையாளத்தையும் குழப்புவது சிறிய விலை அல்ல.

வேகத்தின் விலையைச் சொல்லும் சான்றுகள் உண்டு. 1985-ல் ஸ்லோகாஃபும் கீட்ஸும் கரோனரி பைபாஸ் அறுவைக்கு வந்த 1,023 நோயாளிகளைப் பற்றி எழுதிய ஆய்வு இதில் முதன்மையானது. 36.9 சதவீதத்தினரின் ஈ.சி.ஜி.யில் இதயத் தசைக்கு இரத்தம் போதாத மாற்றங்கள் தெரிந்தன. அவர்களில் 6.9 சதவீதத்தினருக்கு அறுவையை ஒட்டி மாரடைப்பு வந்தது. அம்மாற்றம் இல்லாதவர்களில் 2.5 சதவீதத்தினருக்கே வந்தது. இரத்தப் போதாமை துடிப்பு விரைவோடு தொடர்புகொண்டிருந்தது. அழுத்தம் ஏறியதோடோ இறங்கியதோடோ அல்ல. எந்த மயக்க மருத்துவரின் நோயாளிகளிடம் துடிப்பு விரைவும் இரத்தப் போதாமையும் மிகுதியாக இருந்தனவோ, அவருடைய நோயாளிகளிடமே மாரடைப்பும் மிகுதியாக இருந்தது. அதே ஆண்டில் தாம்சனும் புட்னின்ஸும், மிகுந்த ஃபென்டனிலோடு பான்குரோனியம் பெற்ற கரோனரி நோயாளிகளிடம் வேகமான துடிப்பையும் இரத்தப் போதாமையையும் கண்டதாக எழுதினார்கள். சரிக்கட்டும் என்று நம்பிய கூட்டணி சிலரிடம் சரிக்கட்டாமல் மிஞ்சிப் போயிருந்தது. ஸ்லோகாஃப் ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதில் கண்ட இரத்தப் போதாமையில் ஏறத்தாழ பாதி மயக்கம் தொடங்குமுன்பே நிகழ்ந்தது. துடிப்பும் அழுத்தமும் சரியாக இருந்தபோதும் பல தடவை நிகழ்ந்தது. ஆகவே எல்லாப் பழியும் வேகத்தின் மேல் விழாது. நம்மால் தடுக்கக்கூடிய பகுதி எது என்று கேட்டால் வேகம்தான் முன்னால் நிற்கிறது.

இங்கே எழும் மறுப்பு வலுவானது. 1989-ல் வெளியான இரண்டு பெரிய ஒப்பீடுகள், ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பைபாஸ் நோயாளிகளைக் கொண்டவை, முதன்மை மயக்க மருந்து எதுவாக இருந்தாலும் முடிவில் வேறுபாடு இல்லை என்று காட்டின. முதன்மை மருந்தே பொருட்டில்லை என்றால் துணை மருந்தான தளர்த்தியா பொருட்டு? மேலும் பல்லாயிரம் நோயாளிகள் பான்குரோனியத்தோடு நலமாக வீடு திரும்பியிருக்கிறார்கள். இரண்டும் உண்மை. பான்குரோனியம் இறப்பைக் கூட்டியது என்று இக்கட்டுரை வாதிடவில்லை. ஆனால் அந்த ஒப்பீடுகள் தளர்த்திகளை ஆராய எழுந்தவை அல்ல. துடிப்பும் அழுத்தமும் தப்பினால் உடனே திருத்தும் கைகளில் நடந்தவை. மருந்தின் பெயரைவிட வேகத்தைக் கட்டுக்குள் வைத்த கை முக்கியம் என்பதே அவற்றின் பாடம். அப்படியென்றால் அந்தக் கைக்கு எளிதாக வசப்படும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதானே முறை? தளர்த்தி ஏற்றிய வேகத்தை இறக்கப் பீட்டா தடுப்பு மருந்து கொடுக்க நேர்ந்தால், ஓர் இலக்குக்கு இரண்டு மருந்து செலவாகிறது, கணிப்பில் பிழைக்கு இரண்டு இடம் கிடைக்கிறது.

இரண்டாவது மறுப்பு நோயின் வகையைப் பற்றியது. எல்லா இதயத்துக்கும் மெதுவான துடிப்பு நல்லதல்ல. வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கி ஒழுகும் நோய்களில் துடிப்பு சற்று வேகமாக இருந்தால் ஒழுகும் நேரம் குறைகிறது. பச்சிளங்குழந்தையின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவைப் பெரிதாகக் கூட்ட முடியாது. அங்கே வேகமே ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. குழந்தை இதய மயக்கத்தில் பான்குரோனியம் நெடுநாள் நிலைத்ததற்கு இது காரணம். ஏற்கத்தக்க நியாயம்தான். ஆனால் இதே நியாயம் எதிர்ப்புறமும் வெட்டுகிறது. மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளிக்கு இடது மேலறையிலிருந்து இரத்தம் கீழிறங்க நேரம் வேண்டும். துடிப்பு விரைந்தால் நுரையீரலில் அழுத்தம் ஏறி நீர் கோத்துக்கொள்ளும். வாதக் காய்ச்சலால் வரும் இந்த வால்வுச் சுருக்கம் இந்திய அறுவை அரங்குகளுக்கு நன்கு பழக்கமான நோய். பெருந்தமனி வால்வு சுருங்கித் தடித்த இதயமும் வேகத்தைத் தாங்காது. சிலருக்கு வேகம் வேண்டும், சிலருக்குக் கூடாது என்பதே வேகத்துக்குத் தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கான சான்று. அட்ரோப்பின், எஃபிட்ரின், இதய முடுக்கி என வேகத்தைக் கூட்டும் வழிகள் உள்ளன. அவற்றைத் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகப் பயன்படுத்தலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம்.

தூய்மையானவை என்று சொல்லப்படும் மருந்துகளும் அவ்வளவு தூய்மையா என்பது மூன்றாவது கேள்வி. அட்ராகூரியம் தளர்த்தும் அளவின் ஏறத்தாழ இரண்டரை மடங்கில் ஹிஸ்டமினை வெளிவிடுகிறது. விரைந்து செலுத்தினால் முகம் சிவந்து அழுத்தம் இறங்கும். அதன் பத்து வடிவங்களில் ஒன்றைப் பிரித்தெடுத்த சிஸ்அட்ராகூரியத்தில் அந்தக் குறை நடைமுறை அளவுகளில் இல்லை, ஆனால் அது மெதுவாகவே வேலை செய்யத் தொடங்குகிறது. ரோக்குரோனியம் விரைந்து செயல்படும்; பெரிய அளவில் துடிப்பைச் சிறிது கூட்டக்கூடும். எந்தத் தளர்த்தியும் அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஆகவே குறையற்ற மருந்து என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. குறை எந்த அளவில் தொடங்குகிறது, மெதுவாகச் செலுத்தினால் அது தவிர்க்கப்படுமா என்ற இரண்டும்தான் அளவுகோல். பான்குரோனியத்தின் குறை வழக்கமான அளவிலேயே தொடங்குகிறது. மெதுவாகச் செலுத்துவதால் நீங்குவதில்லை.

கடைசியாக, அறுவை அரங்குக்கு வெளியே ஒரு கணக்கு இருக்கிறது. நோயாளியை மறுநாள் வரை வென்டிலேட்டரில் வைத்திருந்த காலத்தில் பான்குரோனியம் ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ நீடிப்பது யாரையும் உறுத்தவில்லை. 1990-களிலிருந்து ஓபியாய்டு அளவைக் குறைத்து, சில மணி நேரத்தில் குழாயை எடுக்கும் முறை பரவியது. இம்மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. முதுமையும் பைபாஸும் சிறுநீரகத்தைச் சோர்வடையச் செய்கின்றன. குளிர்ந்த உடலில் தளர்ச்சி இன்னும் நீள்கிறது. இதய அறுவையில் பான்குரோனியத்தையும் ரோக்குரோனியத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகள் முன்னது பெற்றவர்களை வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கக் கூடுதல் நேரம் ஆனதைக் காட்டின. பொது அறுவைகளில் 1997-ல் பெர்க் குழுவினர் நடத்திய ஆய்வில், பான்குரோனியம் பெற்றவர்களில் 26 சதவீதத்தினரிடம் தளர்ச்சி மிஞ்சியிருந்தது. அட்ராகூரியமும் வெக்குரோனியமும் பெற்றவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரிடம்தான். மிஞ்சிய தளர்ச்சியைச் சுகமடெக்ஸ் தீர்க்கும் என்று சொல்வதும் முழு விடை ஆகாது. அது ரோக்குரோனியத்துக்கும் வெக்குரோனியத்துக்கும் உருவான மருந்து, விலை அதிகம், அரிதாகத் துடிப்பைக் கடுமையாகக் குறைத்ததும் உண்டு. ஃபென்டனில் அளவு குறைந்துவிட்டதால் சரிக்கட்ட வேண்டிய துடிப்புக் குறைவும் பெரும்பாலும் குறைந்துவிட்டது. கூட்டணியின் ஒரு பாதி போன பிறகு மறு பாதியை மட்டும் பழக்கத்தால் வைத்திருப்பதற்குக் காரணம் மிஞ்சவில்லை.

எனவே தீர்ப்பைச் சொல்லலாம். இரத்த ஓட்ட நிலைத்தன்மை எந்தத் தளர்த்தியின் குப்பியிலும் அடைத்து வருவதில்லை. அது நோய், கூடக் கொடுக்கும் ஓபியாய்டு, அளவு, செலுத்தும் வேகம், கவனிக்கும் கண் ஆகியவற்றின் கூட்டு விளைவு. வளர்ந்தோருக்கான இதய அறுவையில் தளர்த்தி தசையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். வேகத்துக்கு வேகத்துக்கான மருந்தைக் கொடுக்கலாம். விலையும் இருப்பும் பான்குரோனியத்தையே தேர்ந்தெடுக்க வைக்கும் இடங்களில் அதைக் கைவிடச் சொல்வது நடைமுறை ஆகாது. அங்கே அளவைக் குறைத்து, மைட்ரல் சுருக்கமும் கரோனரி அடைப்பும் உள்ளவர்களிடம் துடிப்பைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து, நரம்புத் தூண்டல் கருவியால் தளர்ச்சி தெளிந்ததை உறுதிசெய்த பிறகே குழாயை எடுக்க வேண்டும். கருவி இல்லாத அரங்கில் வாங்க வேண்டிய முதல் பொருள் அந்தக் கருவிதான்; விலையுயர்ந்த புதிய தளர்த்தி அதற்குப் பிறகு வரலாம்.